சும்மா இருக்கும் செஷன் யாருடையது?

"சும்மா கிடக்கிற செஷனைச் சீண்டாதப்பா, ஓடுறதை மட்டும் பாரு." எனக்கு டிபிஏ வேலை, அதாவது டேட்டாபேஸ்களைப் பராமரிக்கும் வேலை, கற்றுக்கொடுத்தவர் அடிக்கடி சொன்னது இது. செஷன் என்றால் ஒருவர் டேட்டாபேஸோடு வைத்திருக்கும் ஓர் இணைப்பு. ஆரக்கிள் என்ற டேட்டாபேஸிலேயே ஊறிய மனிதர். காலையில் வந்து உட்கார்ந்ததும் வி டாலர் செஷன் என்ற செஷன் பட்டியலைத் திறப்பார், ஆக்டிவ் என்று இருப்பதை மட்டும் வடிகட்டுவார், ஐந்தாறு வரிகள் மிஞ்சும், அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீக்குக் கிளம்பிவிடுவார். வடிகட்டலில் காணாமல் போன நூற்றுக்கணக்கான இன்ஆக்டிவ் செஷன்களைப் பற்றி அவருக்குக் கவலையே இருந்ததில்லை. நான் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸின் பக்கம் வந்த பிறகும் அவர் சொன்னது என்னோடு கூடவே வந்தது. முழுசாக ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை. இந்தக் கட்டுரை அதனோடு நான் போடும் சண்டைதான்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரக்கிளில் ஒரு சாதாரண செலக்ட் (படிக்கும் கட்டளை) டிரான்சாக்ஷனையே (சேர்ந்தே முடிய வேண்டிய கட்டளைகளின் கட்டு) தொடங்குவதில்லை, டேபிளின் மேல் லாக்கும் (பூட்டும்) வைப்பதில்லை. காலையில் ஒரு செலக்டை ஓட்டிவிட்டு ஒருவர் சாயங்காலம் வரை ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தாலும் அவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கொஞ்சம் நினைவகம் போகும், அவ்வளவுதான். தொந்தரவு எப்போது என்றால், வரிகளை மாற்றும் அப்டேட் ஒன்றை ஓட்டிவிட்டு, கமிட் செய்யாமல், அதாவது டிரான்சாக்ஷனை உறுதிசெய்து முடிக்காமல், எழுந்து போகும்போது. அந்த வரிகளைத் தொட வருகிற அடுத்த ஆள் காத்துக்கிடப்பார். அதற்கும் பிளாக்கிங்_செஷன் என்ற பத்தி (டேபிளின் நெடுவரிசை) இருக்கிறது, யார் யாரை மறிக்கிறார் என்று நேராகச் சொல்லிவிடும். ஆக, அந்த ஊரில் அவர் சட்டம் செல்லும்.

போஸ்ட்கிரெஸில் கதை வேறு. செலக்டும் டேபிளின் மேல் ஒரு லாக் வைக்கும். அக்செஸ் ஷேர் என்று பெயர், இருப்பதிலேயே மென்மையான லாக், மற்ற செலக்டுகளையோ அப்டேட்டுகளையோ அது மறிக்காது. ஆனால் அந்த லாக் செலக்ட் முடிந்ததும் போகாது, டிரான்சாக்ஷன் முடிந்தால்தான் போகும். பிகின் என்று டிரான்சாக்ஷனைத் தொடங்கி, செலக்ட் ஓட்டி, கமிட் செய்யாமல் விட்டால் அந்த லாக் அப்படியே நிற்கும். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸிலும் 5.5-ஆம் பதிப்பில் மெட்டாடேட்டா லாக் (டேபிளின் அமைப்பைக் காக்கும் லாக்) வந்ததிலிருந்து கிட்டத்தட்ட இதே நிலைதான். அங்கே கூடுதல் வேடிக்கை, ஷோ பிராசஸ்லிஸ்டில் இப்படிப்பட்ட செஷனும் சாதாரண செஷனும் ஒரே மாதிரி "ஸ்லீப்" என்றுதான் தெரியும். டிரான்சாக்ஷன் திறந்திருக்கிறதா என்று பார்க்க இன்னோடிபி_டிஆர்எக்ஸ் டேபிளுக்குத் தனியாகப் போக வேண்டும். போஸ்ட்கிரெஸ் இந்த விஷயத்தில் நேர்மையானது. "ஐடில்" (வெறுமனே சும்மா) என்றும் "ஐடில் இன் டிரான்சாக்ஷன்" (டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா) என்றும் பிரித்தே காட்டும். முதலாவதைப் பற்றி என் ஆசிரியர் சொன்னது போஸ்ட்கிரெஸிலும் சரி. இரண்டாவதுதான் ஆபத்து.

ஒரு ஆல்டர் டேபிள் நின்ற கதை

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஆர்டர் விவரங்கள் இருக்கும் டேபிளில் ஒரு பத்தி சேர்க்க வேண்டியிருந்தது. டீஃபால்ட் மதிப்பு கிடையாது, நல் (வெற்று மதிப்பு) அனுமதி உண்டு. போஸ்ட்கிரெஸுக்கு இது கண்ணிமைக்கும் வேலை, டேபிளைத் திருப்பி எழுத வேண்டியதே இல்லை. அதனால் ராத்திரிக்குக் காத்திருக்காமல் சாயங்காலமே செய்துவிடலாம் என்று டெவலப்பர்கள் சொன்னார்கள், எல்லோரும் தலையாட்டினோம். டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை போனது, திரும்பி வரவில்லை. அரை நிமிஷத்தில் இணையதளம் மந்தமானது, ஒரு நிமிஷத்தில் நின்றே போனது. சிபியு வரைபடத்தைப் பார்த்தால் சர்வர் ஓய்வெடுப்பது போல் படுத்துக்கிடக்கிறது. இதுதான் முக்கிய அடையாளம்: தளம் செத்துக்கிடக்கிறது, சர்வருக்கோ வேலையே இல்லை என்றால், எல்லோரும் எதற்கோ வரிசையில் நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

நடந்தது இதுதான். ஆல்டர் டேபிளுக்கு அக்செஸ் எக்ஸ்க்ளூசிவ் லாக் வேண்டும், அது யாரோடும் ஒத்துப்போகாது. ஏற்கெனவே ஒரு ஐடில் இன் டிரான்சாக்ஷன் செஷன் அந்த டேபிளில் அக்செஸ் ஷேர் வைத்திருந்தது. ஆல்டர் அதற்காகக் காத்திருந்தது. இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஆல்டருக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு செலக்டும், ஆல்டர் கேட்கும் லாக்கோடு மோதுவதால், வரிசையில் அதன் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று. குறுகலான தெருவில் ஒரு சைக்கிள் ஓரமாக நிற்கிறது, அதுவரை எல்லா வண்டியும் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன. தேர் வந்து நின்றதும் சைக்கிளால் தேர் நின்றது, தேரால் ஊரே நின்றது. ஆப்ளிகேஷன் பூலில் (அது திறந்து வைத்திருக்கும் கனெக்ஷன்களின் தொகுப்பு) இருந்த கனெக்ஷன் எல்லாம் இப்படி மாட்டிக்கொள்ள, பூல் புதிது புதிதாகக் கேட்க, எங்கள் மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் வரம்பு நிரம்பி, மீதி இடங்கள் சூப்பர்யூசருக்கு (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) ஒதுக்கப்பட்டவை என்று சர்வர் புதியவர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. எங்கள் கண்காணிப்புக் கருவியும் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒன்று. சூப்பர்யூசருக்கென்று டீஃபால்ட்டாக ஒதுக்கும் மூன்றே மூன்று இடங்களில் ஒன்றின் வழியாகத்தான் நான் உள்ளே போனேன். சிலர் கண்காணிப்புக் கருவிக்கே சூப்பர்யூசர் கணக்கைக் கொடுத்து அந்த மூன்றையும் அதைச் சாப்பிட விட்டுவிடுகிறார்கள். 10-ஆம் பதிப்பிலிருந்து பிஜி_மானிட்டர் என்ற ரோல் (கணக்குக்கும் உரிமைத் தொகுப்புக்கும் போஸ்ட்கிரெஸில் பெயர் இதுதான்) இருக்கிறது, கருவிக்கு அது போதும்.

பட்டியலில் கண்ணுக்குத் தெரியாதது

போஸ்ட்கிரெஸின் செஷன் பட்டியலான பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்தால் ஒரு செஷனுக்கு ஒரு வரி. புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் க்வெரி (அனுப்பிய கட்டளை) பத்தியைத்தான் படிப்பார்கள், அங்கேதான் வழுக்கும். செஷன் ஆக்டிவாக இருந்தால் அது இப்போது ஓடும் க்வெரி. இல்லாவிட்டால் கடைசியாக ஓடி முடிந்த க்வெரி. 2012-இல் வந்த 9.2-க்கு முன்பு கடைசி க்வெரி தெரியவே தெரியாது, அந்தப் பத்தியிலேயே ஐடில் என்று எழுதியிருக்கும். பிறகுதான் ஸ்டேட் என்று தனிப் பத்தி வந்தது. இப்போது தெரிகிறதே என்று நம்பிவிடவும் கூடாது. லாக் வைத்த க்வெரியும் கடைசி க்வெரியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒரு அப்டேட்டை ஓட்டி, அப்புறம் பத்து செலக்ட் ஓட்டியிருந்தால், பட்டியலில் பரிதாபமாக ஒரு செலக்ட் மட்டும் தெரியும். நேரம் காட்டும் பத்திகள் நான்கு. இங்கே எனக்கு வேண்டியவை எக்ஸ்ஆக்ட்_ஸ்டார்ட்டும் ஸ்டேட்_சேஞ்சும்: டிரான்சாக்ஷன் எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரமாக இதே நிலையில் இருக்கிறது. க்வெரி_ஸ்டார்ட்டைப் பார்த்து வயதைக் கணக்கிட்டால் பழைய டிரான்சாக்ஷன் ஒன்று இளசாகத் தெரிந்து தப்பித்துவிடும்.

அன்று, செஷன் எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும் வெயிட்_ஈவன்ட்_டைப் பத்தியில் லாக், லாக், லாக் என்று திரை நிறைய. 9.6-இல் வந்த பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற ஃபங்ஷனுக்கு ஒரு பிராசஸ் எண்ணை (செஷனுக்குச் சர்வரில் உள்ள எண்) கொடுத்தால் அதை மறிப்பவர்களின் எண்களைத் தரும். லாக் வைத்திருப்பவரை மட்டுமல்லாமல், வரிசையில் முன்னால் நிற்பவரையும் சேர்த்தே தரும் என்பது அதன் அருமை. செலக்டுகளையெல்லாம் மறித்தது ஆல்டர். ஆல்டரை மறித்தது ஒரே ஒரு எண். நிலை ஐடில் இன் டிரான்சாக்ஷன், தொடங்கியது மதியச் சாப்பாட்டுக்கும் முன்னால்.

பின்னால் நின்றிருந்தவர்கள் அந்த எண்ணைக் கில் பண்ணச் சொன்னார்கள். நான் ஆல்டரைத்தான் நிறுத்தினேன். பிஜி_கேன்சல்_பேக்எண்ட், ஒரு வரி. தேர் விலகியதும் தெரு தானாக ஓடத் தொடங்கியது. ஆல்டருக்கு உரிய டெவலப்பர் என் தோளருகில் நின்றார், நஷ்டம் என்ன என்று அவருக்கும் எனக்கும் தெரியும்: மறுபடி ஓட்டினால் போதும். மற்ற செஷனைப் பற்றி எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தளம் ஓடத் தொடங்கிய பிறகு அந்த ஒரு வரியை நிதானமாகப் படிக்க நேரம் கிடைத்தது.

யார் அது?

யூசர் பெயர் பத்தியில் இருந்தது ரிப்போர்ட்டிங்குக்கு என்று வைத்திருந்த பொதுக் கணக்கு. கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு, பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் என்று அந்தக் கடவுச்சொல் தெரியாத ஆளே கட்டடத்தில் இல்லை. ஆப்ளிகேஷன் பெயர் பத்தியில் க்ளையன்ட் மென்பொருளின் பெயர், அதுவும் எல்லோருக்கும் ஒன்றுதான். க்ளையன்ட்_அட்ரஸில் இருந்தது விபிஎன் கேட்வேயின் (அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் வாசல்) முகவரி, உள்ளே வரும் அனைவருக்கும் அதே முகவரிதான். யார், எதிலிருந்து, எங்கிருந்து என்று கேட்பதற்காகவே அந்த டேபிளில் பத்திகள் இருக்கின்றன. மூன்றிலும் பதில் இருந்தது, மூன்றாலும் ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் அலுவலகக் குழுவில் "ஆர்டர் டேபிளில் மதியத்திலிருந்து யாராவது வேலை செய்றீங்களா?" என்று கேட்டுத்தான் ஆள் கிடைத்தது.

கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு அம்மா. மாதக் கடைசிச் சரிபார்ப்பு செய்துகொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் மேசை மேல் அச்சடித்த தாள்கள், பேனாவால் டிக் அடித்த வரிகள், திரையில் ரிசல்ட். "நான் எதையும் மாத்தலையே சார், பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். உண்மைதான். அவருடைய மென்பொருளில் யாரோ எப்போதோ ஆட்டோ கமிட்டை (ஒவ்வொரு கட்டளையையும் தானாகவே கமிட் செய்யும் வசதி) அணைத்து வைத்திருந்தார்கள், அதனால் முதல் செலக்டிலேயே டிரான்சாக்ஷன் திறந்துவிட்டது. அதோடு முடியவில்லை. ஆர்டர்களையும் வங்கி வரவுகளையும் ஒப்பிட்டு ஒரு டெம்பரரி டேபிள் உருவாக்கி, ஒத்துப்போகாதவற்றை அதில் ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருந்தார். காலையிலிருந்து செய்த வேலை அத்தனையும் அதில். டெம்பரரி டேபிள் அந்த செஷனுக்கு மட்டுமே சொந்தம், செஷன் போனால் அதுவும் போகும்.

பட்டியலில் மணிக்கணக்காகச் சும்மா இருந்ததாகத் தெரிந்த அந்த வரியின் மறுமுனையில் ஒருவர் கண் வலிக்க வேலை பார்த்துக்கொண்டிருந்தார். டேட்டாபேஸுக்கு அது தெரிய வழியில்லை; அதன் கணக்கில் அடுத்த கட்டளை வரும்வரை நேரமெல்லாம் ஐடில்தான். நான் அவரைச் செய்யச் சொன்னது ஒன்றே ஒன்று: கமிட் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தினார். லாக் விட்டது. டெம்பரரி டேபிள் டீஃபால்ட்டாக கமிட்டுக்குப் பிறகும் வரிகளை வைத்திருக்கும் என்பதால் அவர் வேலைக்கும் சேதமில்லை. ஆல்டரை மறுபடி ஓட்டினோம், எண்டர் தட்டிய கையை எடுக்கும் முன் முடிந்துவிட்டது. என் ஆசிரியரின் சட்டத்தில் எனக்கு இருந்த குழப்பம் அந்த மேசையருகில்தான் தெளிந்தது. சும்மா கிடப்பதைச் சீண்டாதே என்றாலும் சரி, கில் பண்ணு என்றாலும் சரி, இரண்டுமே அந்தப் பக்கம் இருப்பது யார் என்று கேட்காமல் எடுக்கும் முடிவுகள்.

இன்னொரு விஷயம், அவர் டெம்பரரி டேபிள் உருவாக்கியதால் அந்த டிரான்சாக்ஷனுக்கு ஓர் எண் ஒதுக்கப்பட்டிருந்தது. அப்படி எண் வாங்கிய டிரான்சாக்ஷன் திறந்திருக்கும்வரை, அதற்குப் பிறகு செத்த (அழிக்கப்பட்ட அல்லது மாற்றப்பட்ட) வரிகளை வேக்யூம் என்ற துப்புரவு வேலையால் முழுசாக அகற்ற முடியாது. ரீட் கமிட்டெட் நிலையில் (ஒவ்வொரு கட்டளையும் தான் தொடங்கும் நேரத்து டேட்டாவைப் பார்க்கும்) வெறும் செலக்ட் ஓட்டிவிட்டு நிற்கும் செஷனால் பொதுவாக இந்தத் தொந்தரவு வராது. எழுதியிருந்தாலோ, கர்சரை (ரிசல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் வழி) திறந்து வைத்திருந்தாலோ, ரிப்பீட்டபிள் ரீடில் (டிரான்சாக்ஷன் முழுவதும் ஒரே நேரத்து டேட்டாவைப் பார்க்கும் நிலை) இருந்தாலோ வரும். ஐடில் இன் டிரான்சாக்ஷன் என்றாலே டேபிள் ஊதிவிடும் என்று பலர் ஒரே வாயில் சொல்லிவிடுகிறார்கள், அது பாதி உண்மை. பேக்எண்ட்_எக்ஸ்மின், பேக்எண்ட்_எக்ஸிட் பத்திகளைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

கில் பண்ணுவதற்கு முன்னால்

அடுத்த நாளே அணியில் இளையவர் ஒருவர் ஒரு ஸ்கிரிப்டோடு வந்தார். "அண்ணா, அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஐடில் இன் டிரான்சாக்ஷன்ல இருந்தா டெர்மினேட். க்ரான்ல போட்டுடலாமா?" க்ரான் என்றால் குறித்த நேரங்களில் வேலையைத் தானாக ஓட்டும் கருவி. எழுதியது சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் முந்தின நாள் அது ஓடியிருந்தால் ஆல்டர் பிரச்சினையே வந்திருக்காது, அந்த அம்மாவின் வேலை மட்டும் ஏன் என்று தெரியாமல் அழிந்திருக்கும், ஆட்டோ கமிட் அணைந்திருப்பதும் யாருக்கும் தெரிந்திருக்காது. இதே மாதிரிதான் ஆப்ளிகேஷன் கோடிலும். பைத்தானில் போஸ்ட்கிரெஸோடு பேச சைக்காப்ஜி2 நூலகத்தைப் பயன்படுத்தினால், ஆட்டோ கமிட் போடாதவரை, முதல் செலக்டே டிரான்சாக்ஷனைத் திறந்துவிடும். நடுவில் வெளி ஏபிஐ ஒன்றைக் கூப்பிட்டுக் காத்திருந்தால் அதுவரை டேட்டாபேஸும் காத்திருக்கும். ஸ்கிரிப்ட் அதைக் கொன்றுகொண்டே இருக்கும், பூல் புதிது புதிதாகத் திறந்துகொண்டே இருக்கும், கோடு மட்டும் திருந்தாது.

கொல்லும் முறைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கை பரபரக்கும் நேரத்தில் இவை கலந்துவிடும். பிஜி_கேன்சல்_பேக்எண்ட் ஓடும் க்வெரியை மட்டும் நிறுத்தும். ஐடில் இன் டிரான்சாக்ஷன் செஷன் மேல் அதை எத்தனை முறை ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது, நிறுத்த அங்கே க்வெரியே இல்லை. அதற்கு பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் வேண்டும், அது செஷனையே முடித்து டிரான்சாக்ஷனை ரோல்பேக் செய்யும், அதாவது அதில் செய்ததையெல்லாம் ரத்து செய்யும். சர்வரில் நேரே இறங்கி கில் மைனஸ் 9 (பிராசஸை அந்த நொடியே கொல்லும் கட்டளை) போடுவது மட்டும் எக்காலத்திலும் கூடாது. ஒரு பேக்எண்ட் (செஷனுக்கான சர்வர் பிராசஸ்) அப்படிச் செத்தால், பொது நினைவகத்தை அது பாதியில் விட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில் போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா செஷனையும் வெளியே தள்ளி, ரெகவரி ஓட்டிவிட்டுத்தான் திரும்பத் திறக்கும். ஒரு ஆளை அனுப்பப் போய் மண்டபத்தையே காலி செய்த கதை. ஆரக்கிளில் கில் செஷனுக்கு எஸ்ஐடி என்ற செஷன் எண்ணோடு சீரியல் எண்ணும் கேட்பார்கள், எஸ்ஐடி மறுபடி இன்னொருவருக்குப் போய்விடும் என்பதால். போஸ்ட்கிரெஸில் வெறும் பிராசஸ் எண்தான். நீங்கள் பட்டியலைப் பார்த்த நேரத்துக்கும் கட்டளை தட்டும் நேரத்துக்கும் நடுவில் அந்த எண் வேறு செஷனுக்குப் போகவும் வாய்ப்புண்டு, அபூர்வம்தான் என்றாலும். பேக்எண்ட்_ஸ்டார்ட் நேரத்தையும் நிபந்தனையில் சேர்த்து ஒரே க்வெரியாக எழுதிவிடுவது என் வழக்கம்.

இளையவரின் ஸ்கிரிப்டை நாங்கள் போடவில்லை. முதலில் செய்தது பொதுக் கணக்கை ஒழித்தது. ஆளுக்கு ஒரு லாகின். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று தினமும் யாராவது வந்து நிற்பார்கள் என்பதால் இதற்கு எதிர்ப்பு பலமாக இருந்தது, வந்து நின்றார்கள், பரவாயில்லை. ஒவ்வொரு சர்வீஸும் கனெக்ஷன் ஸ்ட்ரிங்கில் ஆப்ளிகேஷன்_நேமில் தன் பெயரை எழுத வேண்டும் என்றோம். அப்புறம்தான் டைம்அவுட், அதாவது நேர வரம்பு. ஐடில் இன் டிரான்சாக்ஷனுக்கான டைம்அவுட் 9.6-இலேயே, அதாவது 2016-லேயே வந்துவிட்டது. ஆனால் பலர் அதை சர்வர் முழுவதற்கும் ஒரே எண்ணாகப் போடுகிறார்கள். நாங்கள் வெப் ஆப்ளிகேஷனுக்கு 30 நொடி, ரிப்போர்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு மணி நேரம் என்று ஆல்டர் ரோல் மூலம் பிரித்தோம். இதில் ஒரு நுணுக்கம்: குழு ரோலுக்கு இப்படிப் போட்டால் உறுப்பினர்களுக்கு அது வந்து சேராது, லாகின் செய்யும் ரோல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். யார் வேண்டுமானாலும் தன் செஷனில் அதைப் பூஜ்யமாக்கிக்கொள்ளவும் முடியும், ஆகவே இதைக் காவல் என்று நினைக்க வேண்டாம். மறந்துபோகிறவர்களுக்கான ஏற்பாடு, அவ்வளவே. 17-இல் டிரான்சாக்ஷன்_டைம்அவுட் என்று ஒன்று வந்திருக்கிறது, சும்மா இருந்தாலும் ஓடிக்கொண்டிருந்தாலும் மொத்த டிரான்சாக்ஷன் நேரத்துக்கே வரம்பு. வெப் பக்கத்துக்கு அது எனக்குப் பிடித்திருக்கிறது. ரிப்போர்ட் பக்கம் போட மாட்டேன்.

இதையெல்லாம் செய்தபிறகும் ஒரு ஆள் மிச்சம்: பேக்கப். போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவியான பிஜி_டம்ப் எல்லா டேபிளிலும் அக்செஸ் ஷேர் எடுத்துக்கொண்டு, ஒரே டிரான்சாக்ஷனில் முடியும்வரை பிடித்தே இருக்கும். தொடங்கும்போதே தன் டைம்அவுட்டுகளைத் தானே பூஜ்யமாக்கிக்கொள்ளும். நியாயம்தான், பாதி பேக்கப்பை வைத்து யார் என்ன செய்வது. அதனால் ஆல்டர் வருகிற டெப்ளாய்மென்ட் (புதிய மாற்றங்களைச் சர்வரில் ஏற்றுவது) ஒவ்வொன்றுக்கும் லாக்_டைம்அவுட் (லாக்குக்காகக் காத்திருக்கும் வரம்பு) 3 நொடி என்பதை முதல் வரியாக வைத்தோம். லாக் கிடைக்காவிட்டால் வரிசையிலிருந்து விலகிவிடும், கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கும், அதற்குள் பின்னால் நிற்பவர்கள் கடந்து போய்விடுவார்கள். டெவலப்பர் அணியின் தலைவருக்கு இது பிடிக்கவே இல்லை. ஒரு பத்தி சேர்க்கப் பிழைப் பதிவேட்டில் இத்தனை சிவப்பு வரிகளா, ராத்திரி போன் வருகிறது என்கிறார். பேக்கப் ஓடும் நேரத்தில் டெப்ளாய்மென்ட் வைக்காமல் இருந்தால் பாதி சிவப்பு போய்விடும் என்று நான் சொல்கிறேன். பேக்கப் நேரத்தை மாற்றுங்கள் என்று அவர் சொல்கிறார். இந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.